கடவுள் மனிதரானார் என்று சொல்லும் இடத்தில் நாக்கு நின்றுவிடுகிறது

தாமிரபரணிக்கரை | டிசம்பர் 3, இரவு 11.40

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. கோயிலில் பதினான்கு வருஷமாக ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். சபையில் யாரிடமும் பேச முடியவில்லை, அதனால் இங்கே.

விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லோரும் எழுந்து நிற்கும்போது நானும் நிற்கிறேன். 'வானத்தையும் பூமியையும் படைத்த சர்வத்துக்கும் வல்ல பிதாவாகிய தேவனை விசுவாசிக்கிறேன்' என்பது சிரமமில்லாமல் வருகிறது. 'கன்னிமரியாளிடத்தில் பிறந்தார்' என்ற இடம் வந்ததும் நாக்கு நின்றுவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் ஆச்சி சத்தமாகச் சொல்வார்கள். அந்தச் சத்தத்துக்குள் நான் ஒளிந்துகொள்கிறேன். ஐந்து மாதமாக இப்படித்தான்.

காரணம் எனக்கே தெரியும். ஆனி மாதம் என் அண்ணன் இறந்துபோனார். மூன்று வருஷம் டயாலிசிஸ். வாரத்துக்கு இரண்டு நாள் நான்தான் பைக்கில் கூட்டிப்போவேன். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது மணிக்கட்டுக்கு மேலே ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்துலா போட்டிருந்தார்கள். அதில் விரல் வைத்தால் பூனை முதுகில் கை வைத்தது மாதிரி விர்ரென்று ஓடும். ஓடுகிறதா என்று தினமும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். காலையில் காப்பி குடிப்பதற்கு முன் அண்ணன் கையை நீட்டுவார். நான் விரல் வைத்துப் பார்த்து "ஓடுது" என்பேன். அவர் இறந்த பிறகும் ஒருதரம் விரல் வைத்துப் பார்த்தேன்.

கடவுள் எங்கோ தூரத்தில் இருக்கிறார், நமக்குப் புரியாத ஏதோ ஒன்றைச் செய்கிறார் என்றால் என்னால் தாங்கிக்கொள்ள முடிகிறது. அவர் மாம்சமானார், உடம்பு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும் என்று சொல்லும்போதுதான் கோபம் வருகிறது. தெரிந்த பிறகும் எப்படிச் சும்மா இருந்தார்?

போன வாரம் கிறிஸ்துமஸ் பாடம் ஆரம்பித்தேன். யோவான் முதல் அதிகாரம், 14ஆம் வசனம் மனப்பாடம்: 'அந்த வார்த்தை மாம்சமாகி...' மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சார், சாமி பாப்பாவா இருந்தப்ப வானத்த யாரு பாத்துக்கிட்டாங்க?" நான் சொல்ல வழியில்லாமல் "அடுத்த வாரம் சொல்றேன்" என்றேன். டிசம்பர் மூன்றாவது ஞாயிறுவரைக்கும் எனக்கு வகுப்பு இருக்கிறது. சந்தேகத்தோடு நின்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது சரியா? இப்படி நின்றவர்கள் இங்கே வேறு யாராவது இருக்கிறீர்களா?

ஜெபவீரன் | டிசம்பர் 4, காலை 5.15

சகோதரரே, உங்கள் அண்ணனுக்காக வருந்துகிறேன். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். சந்தேகத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். யாக்கோபு 1:6 சொல்கிறது, சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான். மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபியுங்கள். சந்தேகம் தீரும்வரை வகுப்பை வேறொருவரிடம் ஒப்படையுங்கள். சிறு பிள்ளைகள் விஷயம், விளையாட்டல்ல.

கடலோரக்காரி | டிசம்பர் 4, மாலை 4.20

அலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும் ஐயா. நான் குமரி மாவட்டம், மேற்குக் கரை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கடவுள் குழந்தையாகப் பிறந்தார் என்று இரவு பூசையில் பாடிவிட்டு வந்து ஒரு பகலும் ஒரு இரவும்தான் ஆகியிருந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் போனார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். வேளாங்கண்ணிக்கு வேண்டுதலுக்குப் போன சனங்களும் அதில் உண்டு. எங்கள் வீட்டில் என் தங்கச்சி மகன். வயது நாலு.

கோயிலில் குடில் அப்படியே இருந்தது. வைக்கோல், களிமண் ஆடு, மாதா, சூசையப்பர், நடுவில் கையை விரித்துக் கிடக்கிற குழந்தை. ராஜாக்கள் திருநாள் வரைக்கும் அதை எடுக்க மாட்டோம். அன்றைக்கு மத்தியானம் நான் உள்ளே போய் அந்தக் குழந்தையைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அந்த வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். எங்கள் பங்குச்சாமியார் பின்னால் நின்றிருந்தார், நான் பார்க்கவில்லை. பிரேதங்களை எடுத்து முழங்கால் வரைக்கும் சேறாக நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். "சொல்லும்மா, இன்னும் இருந்தா சொல்லு" என்றார். அப்புறம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டுகிற இடத்துக்குப் போய்விட்டார்.

தம்பி, பிள்ளையை எதற்கு எடுத்தார் என்று எனக்கு இருபது வருஷத்துக்கு மேலாகியும் தெரியாது. யாராவது அதற்குக் காரணம் சொல்ல வந்தால் இன்றைக்கும் எழுந்து போய்விடுவேன். ஆனால் அந்தக் குடிலில் கிடந்தவரைத் திட்ட முடிந்தது. வானத்தில் இருக்கிறவரை மட்டும் நம்பியிருந்தால் யாரைப் போய்த் திட்டியிருப்பேன்? எங்கள் விவிலியத்தில் அந்த வசனம் 'வாக்கு மனிதர் ஆனார். நம்மிடையே குடிகொண்டார்' என்று இருக்கிறது. குடியிருக்கிறவனிடம்தானே சண்டை போட முடியும்.

நீங்கள் வகுப்பை விடாதீர்கள்.

பழைய அங்கி | டிசம்பர் 5, காலை 9.05

முப்பத்தாறு வருஷம் போதகராக இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா எழுதியதற்குப் பிறகு நான் எழுதுவது காகிதமாகத்தான் இருக்கும், ஆனாலும் அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்ல ஆசை. அது சாதாரணக் கேள்வி இல்லை.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அத்தனாசியு என்று ஒரு ஆயர் இருந்தார். ஐந்து தடவை ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர், மொத்தம் பதினேழு வருஷம் போல வெளியே கழித்தவர். இதே கேள்வியை அவரும் எடுத்துப் பேசினார். வார்த்தையானவர் உடலுக்குள் வந்தார், ஆனால் அந்த உடல் அவரைச் சுவர் மாதிரி அடைத்து வைக்கவில்லை. மரியாளின் மடியில் கிடந்த அதே நேரத்தில் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டும் இருந்தார் என்பது அவர் பதில். 'சாமி பாப்பாவாக இருந்தபோதும் வானத்தை அவர்தான் பார்த்துக்கொண்டார்' என்று பிள்ளையிடம் சொல்லலாம். எப்படி என்று அவள் திரும்பக் கேட்டால் 'சாருக்கும் தெரியவில்லை' என்று சொல்லுங்கள். அதில் தவறே இல்லை.

இதே ஊரில் ஆரியு என்ற மூப்பர், மகனாகிய இயேசு படைக்கப்பட்டவர், பிதாவுக்கு ஒரு படி கீழே என்று போதித்தார். அதை மறுத்துத்தான் 325இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி, பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று எழுதினார்கள். 2025இல் அதற்கு 1,700 வருஷம் நிறைந்தது. நமக்கு ஏன் இந்தப் பழைய சண்டை என்று கேட்பார்கள். உங்கள் கோபமே அதற்குப் பதில் தம்பி. பாடுபட்டவர் கடவுள் இல்லை, கடவுள் அனுப்பிய ஒரு பெரிய தூதர் என்றால், கடவுள் தம் கையில் சேறு படாமல் இன்னொருவரை அனுப்பிவிட்டார் என்று ஆகிவிடும். அப்போது உங்கள் கோபம் முழுக்க நியாயமாகிவிடும்.

மறுபக்கம் வேறொரு கூட்டம். கடவுள் உண்மையில் உடல் எடுக்கவில்லை, எடுத்தது போலத் தோன்றினார், அவ்வளவுதான் என்றார்கள். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியாவின் ஆயர் இக்னாசியுவை விலங்கு மாட்டி, மிருகங்களுக்குப் போட ரோமாபுரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் எழுதிய கடிதங்களில் இந்தக் கூட்டத்தைக் கேட்கிறார்: அவர் பாடுபட்டது வெறும் தோற்றம் என்றால், நான் எதற்கு இந்த விலங்கில் கிடக்கிறேன்? இந்தக் கேள்வி என்னை வாலிப வயதிலேயே பிடித்துக்கொண்டது. பின்னால் நசியான்சின் கிரெகோரி என்ற ஆயர் இதை ஒரே வரியில் வைத்தார்: அவர் எதை ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாக்கப்படவில்லை. அப்படியென்றால் நம் சிறுநீரகம், ரத்தம், பயம், மரணம் எல்லாவற்றையும் அவர் எடுத்திருக்க வேண்டும்.

ஜெபவீரன் சகோதரருக்கு ஒன்று. யாக்கோபு அந்த இடத்தில் ஞானத்தைக் கேட்கிறவனைப் பற்றிப் பேசுகிறார், துக்கத்தில் இருப்பவனைப் பற்றி அல்ல. மத்தேயு கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். உயிர்த்தெழுந்தவரைச் சீஷர்கள் மலையில் காண்கிறார்கள்: 'பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள்.' அடுத்து என்ன நடக்கிறது? சந்தேகப்பட்டவர்களைத் தனியே நிறுத்திவிட்டு மற்றவர்களை மட்டும் அவர் அனுப்பவில்லை. 'நீங்கள் புறப்பட்டுப்போய்' என்று பதினொரு பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

தாமிரபரணிக்கரை | டிசம்பர் 5, இரவு 10.50

ஐயா, நன்றி. அக்கா, உங்களுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இரண்டு தரம் எழுதி அழித்துவிட்டேன்.

ஐயா சொன்னதில் ஒன்று மட்டும் இடிக்கிறது. அவர் பயத்தையும் மரணத்தையும் எடுத்துக்கொண்டார், சரி. ஆனால் என் அண்ணன் கை நின்றது நின்றதுதானே? டயாலிசிஸ் வார்டில் பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் கிடந்தால் அண்ணனுக்குத் துணைதான். அந்த இன்னொருவர் நினைத்தால் இருவரையும் எழுப்பி வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம் என்றால் அது துணையா? இதை முரட்டுத்தனமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

வைகைக்கரை | டிசம்பர் 6, காலை 7.30

நான் சைவக் குடும்பம், மதுரை. தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். நான் பேசலாம் என்றால் ஒரு வார்த்தை.

எங்களுக்கு நீங்கள் சொல்வது தொடக்கத்திலேயே கஷ்டம். விஷ்ணுவுக்கு அவதாரம் உண்டு. சிவனுக்குப் பிறப்பு இல்லை என்பது சித்தாந்தம். சிலப்பதிகாரத்திலேயே 'பிறவா யாக்கைப் பெரியோன்' என்கிறார் இளங்கோ. குருவாக வருவார், ஆட்கொள்வார், ஆனால் கருவில் வந்து பிறக்க மாட்டார். பிறந்தால் வினைக்குள் வந்துவிடுவாரே என்பது வாதம். ஆகவே கடவுள் கருவறைக்குள் ஒன்பது மாதம் இருந்தார், பாலுக்கு அழுதார் என்றால் என் தாத்தா காதைப் பொத்திக்கொள்வார்.

ஆனால் அதே மதுரையில்தான் பிட்டுக்கு மண் சுமந்தவர் கதையும் இருக்கிறது. வைகை உடைத்துக்கொண்டது, வீட்டுக்கு ஒரு ஆள் கரை அடைக்க வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சொக்கனே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டை வாங்கித் தின்றுவிட்டு, வேலை செய்யாமல் ஆட்டம் போட்டார். பாண்டியன் பிரம்பால் முதுகில் அடித்தான். அந்த அடி அரசன் மேலும், அரசி மேலும், அமைச்சர் மேலும், எல்லா உயிர் மேலும் விழுந்தது. ஆவணி மூலத்துக்கு இன்றைக்கும் ஊரே கூடி அதைக் கொண்டாடுகிறோம். சின்ன வயதில் எனக்குக் கண் கலங்கும் இடம் அந்த அடி இல்லை. ஆள் இல்லாத கிழவிக்கு ஆளாக வந்தாரே, அதுதான். கடவுள் வருகிறார் என்பதற்குள் இந்த ஆசை இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த ஆசை உங்களுக்கும் எங்களுக்கும் பொது.

விலகிப்போனவன் | டிசம்பர் 6, மதியம் 1.10

எதிர்க்குரல் ஒன்றும் இருக்கட்டும். நான் உபதேசியார் மகன். எட்டு வருஷமாகக் கோயிலுக்குப் போவதில்லை. என் விசுவாசம் சண்டை போட்டு உடையவில்லை, ஒரு நாள் பார்த்தபோது இல்லை, அவ்வளவுதான். நீங்கள் எல்லோரும் அன்பாகத்தான் பேசுகிறீர்கள். ஆனால் ஒருவன் 'முடியவில்லை' என்று சொல்லும்போது அவனைத் திரும்பக் கொண்டுவர ஆளுக்கு ஒரு கயிறு வீசுகிறீர்கள். அண்ணே, நம்ப முடியவில்லை என்றால் அதுவும் ஒரு நேர்மையான இடம்தான். அங்கே நின்றாலும் உங்கள் அண்ணனை நினைக்கலாம், அழலாம். யாரும் உங்களைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. அப்பாவுக்கு இதைச் சொன்ன அன்று ராத்திரி அவர் என் கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் பேசாமல். அதற்காக அவரை நான் மறக்க மாட்டேன்.

இரவுப்பணி | டிசம்பர் 7, அதிகாலை 3.25

டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். பதினொரு வருஷம். ஃபிஸ்துலாவில் விரலுக்குத் தெரிவதை நாங்கள் த்ரில் என்போம், ஸ்டெத் வைத்தால் கேட்பதை ப்ரூயி என்போம். ஒவ்வொரு நோயாளிக்கும் அது ஒரு மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டே சிலரைச் சொல்லிவிடலாம். அதனால் உங்கள் பதிவை நாலைந்து தரம் படித்தேன் அண்ணா.

எனக்கு வேத பாடம் அவ்வளவு தெரியாது. ஆனால் சந்தேகத்தோடு வேலை செய்யலாமா என்ற கேள்விக்கு அன்னை தெரேசாவைச் சொல்வேன். 1997இல் இறந்தார். பத்து வருஷம் கழித்து 2007இல் அவருடைய கடிதங்கள் புத்தகமாக வந்தன. ஏறத்தாழ ஐம்பது வருஷம் உள்ளுக்குள் ஒரே இருட்டு. நடுவில் கொஞ்ச நாள்தான் விலகியிருக்கிறது. 1979இல், நோபல் பரிசு வாங்குவதற்குச் சில மாதம் முன்னால், ஒரு குருவுக்கு எழுதினார்: பார்க்கிறேன், தெரியவில்லை; கேட்கிறேன், கேட்கவில்லை. அதை எழுதிய கைதான் காளிகாட்டில் சாகக் கிடந்தவர்களின் புண்ணைத் துடைத்தது. 2016இல் புனிதர் பட்டம் கொடுக்கும்போது இந்தக் கடிதங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் கொடுத்தார்கள்.

பக்கத்துக் கட்டில் பற்றிக் கேட்டீர்களே. எனக்கும் பதில் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் வார்டில் நோயாளிகள் மிஷினைப் பற்றிக் கேட்பதைவிட அதிகமாகக் கேட்பது "சிஸ்டர், இன்னைக்கு நீங்கதானா?" என்பது. என்னால் யாரையும் குணமாக்க முடியாது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்பார்கள். அது பதிலில்லை, ஆனால் சின்ன விஷயமும் இல்லை.

பழைய அங்கி | டிசம்பர் 7, காலை 10.40

தம்பி, உங்கள் கேள்விக்கு இரண்டு நாளாகப் பதில் எழுதி எழுதி விட்டுவிட்டேன். முழுப் பதில் என்னிடம் இல்லை. எழுபத்தி நாலு வயதில் அதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

ஒன்று மட்டும் சொல்லலாம். 'எழுப்பியிருக்கலாமே' என்ற கேள்வி சிலுவைக்கு அடியிலும் கேட்கப்பட்டது, கேலியாக. 'மற்றவர்களை ரட்சித்தான், தன்னைத்தான் ரட்சித்துக்கொள்ள இவனுக்குத் திராணியில்லை' என்றார்கள். அவர் இறங்கி வரவில்லை. அதற்குப் பதிலாக, 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று கூப்பிட்டார். நீங்கள் கேட்கிற அதே 'ஏன்'. அதற்கு வானத்திலிருந்து சத்தம் எதுவும் வந்ததாக மாற்கு எழுதவில்லை. நம் விசுவாசத்தில் எனக்கு மிகவும் விநோதமாகவும், விட முடியாததாகவும் இருப்பது இதுதான். கேட்கிற நம் பக்கத்திலும் கடவுள் நிற்கிறார், பதில் வராமல்.

அவர் உயிர்த்தெழுந்த மூன்றாம் நாளை நான் விசுவாசிக்கிறேன். அதை உங்கள் துக்கத்தின் மேல் மூடி போலப் போட மாட்டேன்.

மதுரை நண்பர் சொன்னது பொன்னான பேச்சு. சென்னையில் வழக்கறிஞராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்த சக்கரை செட்டியார் கிறிஸ்தவரான பிறகு 'அவதாரம்' என்ற சொல்லையே எடுத்து இயேசுவுக்குப் பயன்படுத்தினார். ஒரு வித்தியாசத்தோடு: இந்த அவதாரம் வேலை முடிந்ததும் கலைந்துபோவதில்லை, எடுத்த மனிதத் தன்மையை அவர் திரும்பக் கழற்றி வைக்கவே இல்லை என்றார். சீஷரான தோமா பார்த்தது அதைத்தானே. உயிர்த்த பிறகும் காயம் ஆறி மறையவில்லை.

விலகிப்போன தம்பிக்கு: நீங்கள் சொன்னது சரி. உங்களுக்கு நான் கயிறு வீசவில்லை. உங்கள் அப்பாவைப் போல ஒரு ஓரமாக உட்கார இடம் கொடுத்தால் போதும்.

ஜெபவீரன் | டிசம்பர் 7, இரவு 9.30

எல்லாவற்றையும் படித்தேன். முதலில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் சகோதரரே, மன்னியுங்கள். என் மனைவி கருப்பைப் புற்றுநோயில் இருந்த ஒன்றரை வருஷம் நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகப்பட்டால் அவள் பிழைக்க மாட்டாள் என்று பயந்தேன். அவள் போன பிறகும் அந்தப் பயம் போகவில்லை என்று இப்போது தெரிகிறது. மாற்கு 9இல் ஒரு தகப்பன் சொன்னதைத்தான் இன்றைக்கு ஜெபித்தேன்: 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.' வகுப்பை விட வேண்டாம்.

கடலோரக்காரி | டிசம்பர் 8, காலை 6.10

ஐயா, உங்கள் வீட்டம்மாவை இன்றைக்குப் பூசையில் நினைத்துக்கொள்கிறேன்.

தாமிரபரணிக்கரை | டிசம்பர் 21, மாலை 5.45

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வைகைக்கரை அண்ணன் சொன்ன பிரம்படியை நினைத்துக்கொண்டே இருந்தேன். அங்கே அவர் மேல் விழுந்த அடி எல்லோர் மேலும் விழுந்தது. நாங்கள் சொல்வதில் அது திரும்பி நடக்கிறது, எல்லோர் மேலும் விழுகிற அடி அவர் ஒருவர் முதுகில். இதுநாள் வரை நான் அதை அப்படிப் பார்த்ததில்லை. விலகிப்போன தம்பி, உங்கள் பதிவும் எனக்குத் தேவைப்பட்டது. இந்த இடத்தில் நிற்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்று தெரிந்த பிறகு மூச்சு கொஞ்சம் லேசானது.

இன்றைக்குக் கடைசி வகுப்பு. பிரமாணம் சொல்லும்போது அதே இடத்தில் நின்றுவிட்டது. ஆனால் இந்தத் தடவை ஒளிந்துகொள்ளவில்லை. பக்கத்து ஆச்சி சொல்வதைக் கேட்டேன். 'பிறந்தார்' என்றார்கள், உடனே 'பாடுபட்டு' என்றார்கள். நடுவில் முப்பது வருஷத்தை அந்தப் பிரமாணம் சொல்வதே இல்லை. சாப்பிட்டது, தூங்கியது, காலில் முள் குத்தியது எதுவும் இல்லை. அதை வகுப்பில் சொல்லலாம் என்று தோன்றியது.

பிள்ளைகளைப் பாயில் வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கு ஆள் பக்கத்துப் பிள்ளையின் மணிக்கட்டில் இரண்டு விரல் வைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒரே சிரிப்பு. அப்புறம் ஒவ்வொருத்தராக "ஓடுது சார், ஓடுது சார்" என்றார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. 'மாம்சமாகி' என்றால் இது அவருக்கும் ஓடியது என்று அர்த்தம், ஒரு நாள் நின்றும்போனது என்று சொன்னேன். வானத்தைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், எப்படி என்று சாருக்குத் தெரியவில்லை என்றும் சொன்னேன்.

கேள்வி கேட்ட பிள்ளை விரலை எடுக்காமலே கேட்டாள்: "அவருக்குக் காய்ச்சல் வந்திருக்குமா சார்?"

"வந்திருக்கும்" என்றேன்.

"யாரு பக்கத்துல இருந்தா?"

"அவங்க அம்மா" என்றேன்.